ரெண்டாவது தடவ சத்தம் வராத ஜி

ஒரு தடவ அமுக்கினா சத்தம் வருது, உடனே ரெண்டாவது தடவ அமுக்கினா வரமாட்டேங்குது, கொஞ்சம் விட்டுப் பிடிச்சா சில நேரம் வருது சில நேரம் இல்ல. போன்ல டீச்சர் இப்பிடித்தான் சொன்னாவ. அவியளுக்க பழைய பியானோல நடு சிக்கு மேல உள்ள ஜி கட்டை. பாமாலைல, அதாவது சபைல பாடுற பாட்டுப் புஸ்தகத்துல, முக்காவாசிப் பாட்டு அந்த ஜியத் தொடாம போவாது, அதும் ஒரே ஜிய ரெண்டு மூணு தடவ அடுத்தடுத்து அடிக்கிற மாதிரிதான் பாட்டு இருக்கும், அதுனால அவியளுக்கு அது எவ்வளவு பெரிய சங்கடம்னு எனக்குப் புரிஞ்சுது. "மக்ளே, இது போச்சுன்னா சொல்லிரு, பழைய சாமான்காரன் ரெண்டு மட்டம் வந்து கேட்டுட்டான்"னு கடைசியா சொன்னாவ பாருங்க, அதக் கேட்ட பிறகு எனக்கு அன்னைக்கு வேற வேலையில மனசு நிக்கல.

டீச்சர் வீடு காரக்கோணம் தாண்டி. எனக்க வீடு மார்த்தாண்டம் பக்கம். களியக்காவிளை செக்போஸ்ட்டத் தாண்டினா கேரளம், ஆனா 1956 நவம்பர் 1ம் தேதி கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டோட சேந்தப்போ போட்ட கோடு நிலத்துல கிடக்கே தவிர சொந்தபந்தத்துல கிடக்கல. கல்யாணம், சாவு, ஆராதனை, சந்தை எல்லாம் ரெண்டு பக்கமும்தான். டீச்சர் பேசுறதும் பாதி தமிழ், பாதி மலையாளம், பாட்டு மட்டும் முழுத் தமிழ். அந்த பியானோ அவியளுக்க அப்பா எஸ்டேட் பங்களா ஒண்ணுல ஏலம் விட்டப்போ எடுத்தது, இங்கிலாந்துல செஞ்ச அப்ரைட், அதாவது கம்பியெல்லாம் நெட்டுக்குத்தா நிக்கிற வகை, 85 கட்டை. நெய்யூர் ஆசுபத்திரில இருந்த சாமர்வெல் டாக்டருக்க பியானோன்னு ஊருல ஒரு பேச்சு உண்டு. பழைய வெள்ளைக்காரன் சாமான் எதுனாலும் இங்க சாமர்வெல் பேருல போயிரும், அந்த மனுசன் மேல உள்ள பிரியம் அப்பிடி. 1922லயும் 1924லயும் எவரெஸ்ட் ஏறப் போனவரு, அங்க கேட்ட திபெத்துக்காரங்க பாட்டை எழுதி எடுத்துட்டு வந்தவரு, பிறகு இருபது வருசத்துக்கு மேல நெய்யூர்ல கத்தி பிடிச்சு நின்னவரு. காரக்கோணத்துல உள்ள மெடிக்கல் காலேஜுக்கும் அவரு பேருதான். டீச்சர் மட்டும் "எங்க அப்பா காசு குடுத்து வாங்கினது"ன்னு கண்டிப்பா சொல்லிருவாவ.

நான் பியானோக்காரன் இல்ல, ஆர்மோனியத்துலேர்ந்து வந்தவன். எனக்க மாமா மார்த்தாண்டத்துல முப்பது வருசத்துக்கு மேல ஆர்மோனியம் ரிப்பேர் பாத்தவரு. பள்ளிக்கூடம் விட்டு அவருக்க கடையிலதான் கிடப்பேன். ஆர்மோனியத்துல ஒவ்வொரு கட்டைக்கும் பித்தளைக் கம்பில ஒரு ஸ்பிரிங் உண்டு, அது கட்டையக் கீழ இழுத்துப் பிடிச்சு காத்து ஓட்டைய மூடி வச்சிருக்கும். அந்த ஸ்பிரிங் தளந்தா காத்து கசிஞ்சு அந்த சுரம் தானே முனகிட்டே கிடக்கும், இறுகினா விரலு நோவும். மாமா ஒரே ஒரு பாடம்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவாரு, "லேய் மக்கா, ஸ்பிரிங்குல கை வைக்கதுக்கு முன்ன கட்டை ஏன் வரலைன்னு பாரு, பத்துல ஆறு மட்டம் ஸ்பிரிங்கு மேல தப்பு இருக்காது." இது எனக்கு முழுசா ஏற ரொம்ப வருசம் ஆச்சு, அதப் பிறகு சொல்லுகேன்.

பியானோல இந்தக் கதை மூணு மடங்கு. அப்ரைட்டுக்குள்ள ஒவ்வொரு கட்டைக்கும் மூணு ஸ்பிரிங். விரலு கட்டைய அமுக்கினதும் கட்டைக்க பின்பக்கம் மேல எழும்பி விப்பன்னு ஒரு மரத்துண்டைத் தூக்கும். விப்பன் மேல ஜாக்னு எல் எழுத்து மாதிரி ஒரு சின்னத் துண்டு நிக்கும். அது கம்பிய அடிக்கிற சுத்தியலான ஹாமருக்க அடிக்கட்டைய, அதுக்குப் பேரு பட்டு, தள்ளும், ஹாமர் கம்பிய நோக்கிப் போவும். ஆனா கடைசி வரைக்கும் ஜாக் தள்ளிட்டே இருந்தா ஹாமர் கம்பி மேல ஒட்டிக்கிட்டு நின்னு சத்தத்த அமுக்கிரும். அதுனால கம்பிக்கு சுமார் 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே ஜாக்குக்க கால் ஒரு பட்டன்ல முட்டி, ஜாக் சாஞ்சு விலகிரும், மிச்ச தூரம் ஹாமர் எறிஞ்ச கல்லு மாதிரி தானா போயி அடிச்சுட்டுத் திரும்பும். இந்த விலகுற வேலையக் கண்டுபிடிச்சதுதான் 1700 வாக்குல ஃப்ளாரன்ஸ்ல பியானோவ முதல்ல செஞ்ச கிறிஸ்டோஃபோரி செஞ்ச பெரிய காரியம்.

சரி விலகியாச்சு, இனி திரும்பி வரணும்ல. கட்டைய விட்டதும் ஜாக் மறுபடி பட்டுக்க அடியில போயி நிக்கணும், இல்லேன்னா அடுத்த அடிக்குத் தள்ளதுக்கு அங்க ஆளு கிடையாது. அந்த ஜாக்க தள்ளித் திருப்பி நிப்பாட்டுறது விப்பன் மேல நிக்கிற ஒரு குட்டிச் சுருள் ஸ்பிரிங், சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும். டீச்சர் போன்ல சொன்னது அச்சு அசலா இந்த ஸ்பிரிங்குக்க நோய். முதல் அடி வரும், ரெண்டாவது அடி வராது.

ரெண்டாவது ஸ்பிரிங் ஹாமரைக் கம்பிலேர்ந்து திருப்பிக் கொண்டுவர்றது. கம்பி படுக்கையா கிடக்கிற கிராண்ட் பியானோல ஹாமர் கீழேர்ந்து மேல அடிக்கும், அதுனால அடிச்சதும் தன் பாரத்துலயே விழுந்துரும், அங்க ஸ்பிரிங்குக்க வேலை வேற மாதிரி, 1821ல எரார்ட் கொண்டுவந்த ரிப்பிட்டிஷன் ஸ்பிரிங் எல்லாம் வேகமா திரும்ப அடிக்கதுக்கு உள்ளது. அப்ரைட்ல ஹாமர் நெட்டுக்குத்தா நிக்கிது, முன்னயும் பின்னயும் ஆடுது, அத இழுக்க பூமி அவ்வளவா உதவாது. அதுக்குத்தான் மெல்லிசா ஒரு பித்தளைக் கம்பி. இது போனா ஹாமர் சோம்பிச் சோம்பித் திரும்பும். மூணாவது டேம்பர் ஸ்பிரிங். கட்டைய விட்டதும் கம்பிக்க நாதத்த நிறுத்துற கம்பளித் துண்டைக் கம்பி மேல அமுக்கிப் பிடிக்கிறது. இது ஒடிஞ்சா அந்த சுரம் நிக்காது, பாட்டு முடிஞ்ச பிறகும் இரைஞ்சிட்டே கிடக்கும். உச்சத்துல உள்ள இருபது கட்டை வாக்குல டேம்பரே இருக்காது, அந்தக் கம்பி குட்டை, தானே அடங்கிரும். எல்லாம் கூட்டிப் பாத்தா டீச்சருக்க பியானோக்குள்ள ஏறக்குறைய 230 ஸ்பிரிங்.

அடுத்து வந்த ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு டூல்பாக்ஸையும் ஒரு வெள்ளை பெட்ஷீட்டையும் எடுத்துட்டுப் போனேன். பெட்ஷீட் கட்டாயம் வேணும். ஜாக் ஸ்பிரிங் ஒண்ணு கொறடுலேர்ந்து தெறிச்சா சிமெண்டுத் தரையில அதத் தேடிப் பிடிக்கதுக்குள்ள பொழுது போயிரும், வெள்ளைத் துணில விழுந்தா கண்ணுல பட்டுரும்.

மேல் மூடியத் தொறந்து முன்பலகைய எடுத்ததும் வாடை அடிச்சுது. எலி. பழைய வாடை, காரமான வாடை. டீச்சர் பின்னால நின்னு "அது மழைக்க ஈரமாக்கும்"னு சொன்னாவ, நான் ஒண்ணும் சொல்லல. ஹாமர், ஜாக், டேம்பர் எல்லாம் மாட்டியிருக்கிற மொத்தக் கூட்டுக்குப் பேரு ஆக்ஷன், அதப் பிடிச்சிருக்கிற மேல் திருகு நாலையும் கழட்டி, பெடல் குச்சிய விடுவிச்சு, ஆக்ஷன மெதுவா என்னைப் பாத்து சாச்சு, டேம்பர் ஒண்ணும் கம்பில மாட்டலன்னு பாத்துட்டு தூக்கினேன். ஆக்ஷனத் தூக்குறப்போ ரெண்டு பக்கத்து இரும்புத் தாங்கியத்தான் பிடிக்கணும், மரச்சட்டத்தப் பிடிச்சா ஒரு நூறு வயசுக் கிழவியக் கைபிடிச்சு இழுக்க மாதிரி, எங்க ஒடியும்னு சொல்ல முடியாது. சாப்பாட்டு மேசை மேல வச்சேன். டீச்சர் மேசைல விரிச்சிருந்த பிளாஸ்டிக் விரிப்பக்கூட எடுக்க விடாம "அப்பிடியே வை, அப்பிடியே வை"ன்னு பதறினாவ, தொண்ணூறு வருசத்துல அத வெளிய கண்டவங்க ரொம்ப இல்ல.

ஜி கட்டைக்க ஜாக்கக் கண்டேன். அடியில ஸ்பிரிங் இருந்துச்சு, ஆனா அது பியானோ ஸ்பிரிங் இல்ல. பால்பாயிண்ட் பேனாக்குள்ள கிடக்குமே, அந்த ஸ்பிரிங்க வெட்டிச் சொருகி வச்சிருக்கு. முன்ன யாரோ ஒரு மெக்கானிக் செஞ்ச வேலை. ஒண்ணு இல்ல, எண்ணிப் பாத்தா ஏழு. அவரு கெட்ட எண்ணத்துல செஞ்சிருக்க மாட்டாரு, நாளைக்குக் கல்யாணம், இன்னைக்கே சரியாவணும்னு யாராவது நிப்பாட்டியிருப்பாவ. ஆனா பேனா ஸ்பிரிங் எஃகு, நம்ம ஊரு ஈரத்துல துரு பிடிக்கும். ஜியில இருந்தது செம்மண் கலருல பொரிஞ்சு, மேல் நுனி ஜாக்குக்க குழிலேர்ந்து விலகி, ஓரமா சாஞ்சு கிடந்துச்சு. போதாததுக்கு அது ரொம்ப இறுக்கம். நல்ல ஸ்பிரிங் உள்ள கட்டைய அமுக்கினா விரலுக்கு அடியில கடைசில ஒரு சின்ன மேடு தெரியும், அவ்வளவுதான். பேனா ஸ்பிரிங் உள்ள ஏழு கட்டையிலயும் அந்த மேடு ஒரு கல்லுல தட்டின மாதிரி. டீச்சர் இத்தனை வருசமா அந்த ஏழு கட்டைல மட்டும் விரல அழுத்தி அழுத்தி வாசிச்சு பழகிருக்காவ. "எனக்க விரலு வயசாச்சுன்னுல்லா நெனச்சேன்"னு சொன்னாவ. எனக்கு அந்த வார்த்தை மனசுலேர்ந்து போவல.

ஜாக் ஸ்பிரிங் மாத்துறது பெரிய வித்தையில்ல, பொறுமை உள்ள யாரும் செய்யலாம். விப்பன்லேர்ந்து ஹாமருக்குப் போற தோல் நுனி உள்ள நாடா இருக்கும், பிரைடில் டேப்னு சொல்லுவாங்க, அத விப்பன்ல நிக்கிற குட்டிக் கம்பிலேர்ந்து கழட்டணும். பழசுன்னா தோல் நுனி கையோட வந்துரும், அதுக்கு வேற டேப் தயாரா வச்சுக்கணும். பிறகு விப்பனப் பிடிச்சிருக்க ஒரே ஒரு திருகு. கழட்டினதும் பென்சில்ல கட்டைக்க எண்ண எழுதிரணும், 34 இருந்த இடத்துல 35 வந்தா ஒண்ணும் நேரா நிக்காது. குழில கிடக்கிற பழைய வச்சிரப் பசை, அத டிரில் பிட்ட விரலால திருகியே சுரண்டி எடுத்துரலாம், மெஷின் வேண்டாம், மெஷின் வச்சா குழி ஆழமாயிரும், ஸ்பிரிங்குக்க பலம் மாறிரும். அடி நுனிக்கு ஒரு கடுகளவு சுடு வச்சிரம். ஃபெவிகால் வேண்டாம், அடுத்து எவனாவது இதக் கழட்டணும்ல, வச்சிரம்னா சூடும் ஈரமும் காட்டினா விட்டுக்குடுக்கும், ஃபெவிகால் மரத்தையும் சேத்துப் பிச்சிட்டு வரும். ஸ்பிரிங்க அடியில உக்கார வச்சு, மேல் நுனியக் கொறடால அமுக்கிச் சுருக்கி, ஜாக்குக்க கால்ல உள்ள குழிக்கு நேரா கொண்டுபோயி மெதுவா விட்டா, டிக்னு ஒரு சின்ன சத்தம். அந்தச் சத்தம் வந்தா உக்காந்தாச்சு. இன்னொரு கைய மேல கவுத்தி மூடி வச்சுக்கிட்டுத்தான் இதச் செய்யணும், தெறிச்சா கண்ணுக்குத்தான் போவும்.

அந்த ஏழையும் எங்கிட்ட இருந்த பழைய ஆக்ஷன் ஒண்ணுலேர்ந்து எடுத்த பித்தளை ஸ்பிரிங் போட்டு அன்னைக்கே முடிச்சேன். ஜி வந்துருச்சு. டீச்சர் ரொட்டியும் சாயாவும் கொண்டுவந்து வச்சாவ. இத்தோட நான் எந்திரிச்சு வந்திருக்கலாம்.

ஆனா அந்த எலி வாடை. ஆக்ஷனுக்க பின்பக்கம் டார்ச் அடிச்சுப் பாத்தேன். டேம்பர் ஸ்பிரிங் வரிசை. நடுவுலேர்ந்து இடதுபக்கம் பதினோரு கட்டைக்கு டேம்பர் ஸ்பிரிங் ஒடிஞ்சிருந்துச்சு, அத்தனையும் சுருளும் கையும் சேருற அதே இடத்துல. தொட்டா சுள்ளி மாதிரி ஒடியுது. பச்சைக் களிம்பு லேசா. வலதுபக்கம் உள்ள ஸ்பிரிங்கெல்லாம் அதே வயசு, அதே பித்தளை, ஒண்ணுகூட ஒடியல. கட்டைய நாலஞ்சு தூக்கிப் பாத்தா சரியா அந்த இடத்துக்குக் கீழ எலி கூடு கட்டி இருந்த அடையாளம், பேப்பர், கம்பளி, காஞ்ச புழுக்கை எல்லாம்.

அடிச்சு அடிச்சுத் தேஞ்சா ஒரு இடத்துல மட்டும் கும்பலா ஒடியாதே. இதுக்கு விடை பட்டாளத்துக் கதையில இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல இந்தியாவுல இருந்த பட்டாளத்துல, மழைக்காலம் முடிஞ்சு பாத்தா பித்தளைத் தோட்டா உறையெல்லாம் யாரும் தொடாமலே வெடிச்சு விரிசல் விட்டுக் கிடக்கும். மழை சீசன்ல நடக்கிறதுனால அதுக்கு சீசன் கிராக்கிங்னே பேரு வச்சிட்டாங்க. தோட்டாவ அடுக்கி வச்சது குதிரை லாயத்துல. குதிரை மூத்திரத்துலேர்ந்து கிளம்புற அமோனியா, மழைக்க ஈரம், பித்தளைய அடிச்சு உருவாக்கினப்போ உள்ளுக்குள்ள அடங்கிக் கிடந்த இழுவிசை, இந்த மூணும் ஒண்ணா சேந்தா பித்தளை தானே பொளந்துரும்னு 1921லதான் மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேரு விளக்கினாங்க. மூணுல ஒண்ணு இல்லாட்டாலும் ஒண்ணும் ஆவாது. இப்ப டேம்பர் ஸ்பிரிங்க நெனச்சுப் பாருங்க. அது பகலும் ராத்திரியும் வளைஞ்சு அமுக்கிட்டே நிக்கிற சாமான், இழுவிசைக்குக் குறைவே இல்ல. ஈரத்துக்கு நம்ம ஊருல பஞ்சமா, இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. எலி மூணாவதக் கொண்டுவந்துருச்சு. குதிரை லாயமும் மூடின பியானோவும் பித்தளைக்கு ஒண்ணுதான்.

இதத் தெரிஞ்சதுனால ரெண்டு முடிவு எடுத்தேன். ஒண்ணு, ஒடிஞ்ச பதினொண்ண மட்டும் மாத்தினாப் போதாது, அந்தக் கும்பலச் சுத்தி உள்ளதும் உள்ள விரிசல் விட்டு நிக்கும், இன்னைக்கு இல்லேன்னா கிறிஸ்துமசுக்கு ஒடியும். அதுனால அந்தப் பகுதி மொத்தம் 24. ரெண்டு, புதுசு பித்தளை வேண்டாம், பாஸ்பர் பிரான்ஸ். அதுல துத்தநாகத்துக்குப் பதிலா வெள்ளீயம், அமோனியாவ பித்தளையவிட எவ்வளவோ தாங்கும். செட்டு வெளிநாட்டுலேர்ந்து வரணும், பணம் கட்டி ஆர்டர் போட்டு 19 நாள் காத்திருந்தேன். அந்த 19 நாளும் டீச்சர் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு "வந்துதா மக்ளே"ன்னு ஒரு மிஸ்டு கால்.

இங்கதான் எனக்க பழைய தப்பச் சொல்லணும். எட்டு வருசம் முன்ன, ஒரு சபையில உள்ள அப்ரைட், ஜூன் மாசம், நல்ல மழை. ஹாமரெல்லாம் சோம்பலாத் திரும்புதுன்னு கூப்பிட்டாவ. நான் பாத்தேன், ஸ்பிரிங் தளந்திருக்குன்னு முடிவு பண்ணி, ஹாமர் ஸ்பிரிங் ஒவ்வொண்ணா வளைச்சு வளைச்சு முறுக்கேத்திட்டேன், 80க்கு மேல. அன்னைக்கு எல்லாம் வேகமாத் திரும்புச்சு, காசும் குடுத்தாவ. ஜனவரி மாசம் போனா அந்த பியானோ வாசிக்கவே முடியல, கட்டையெல்லாம் கல்லு மாதிரி. என்ன நடந்துச்சுன்னா, ஜூன்ல தப்பு ஸ்பிரிங்குல இல்லவே இல்ல. ஒவ்வொரு ஹாமரும் ஒரு ஊசித் தடிமன் பின்ல ஆடுது, ஒண்ணேகால் மில்லிமீட்டர் வாக்குலதான் வரும், அந்தப் பின்னச் சுத்தி சிவப்புக் கம்பளித் துணில ஒரு உறை, அதுக்குப் பேரு புஷ்ஷிங். மழை ஈரத்துல அந்தக் கம்பளி ஊதி பின்ன நெரிச்சுப் பிடிச்சிருக்கு. மழை விட்டதும் கம்பளி சுருங்கிருச்சு, நான் முறுக்கின ஸ்பிரிங் மட்டும் அப்பிடியே நின்னுருச்சு. திரும்ப ஒவ்வொண்ணா தளத்தினதுல ஆறேழு ஒடிஞ்சும் போச்சு. மாமா சொன்ன பாடம் அன்னைக்குத்தான் எனக்கு எலும்புல இறங்குச்சு. கூலி திருப்பிக் குடுத்தேன், ஒடிஞ்சத எனக்க காசுல மாத்தினேன், இருந்தாலும் அந்த வருசம் கிறிஸ்துமஸ் ஆராதனைய அந்த சபை அந்த பியானோவ வச்சுல்லா கஷ்டப்பட்டு நடத்திருக்கும், அது எனக்கு இன்னும் உறுத்தும்.

அதுனால இப்ப ஸ்பிரிங்குன்னு சொன்னாலே முதல்ல அந்தத் துண்டத் தனியாக் கழட்டி, ஃபிளாஞ்ச, அதாவது பின்னத் தாங்கி நிக்கிற சின்ன மரத்துண்ட, கையில பிடிச்சு, ஹாமர ஊஞ்சல் மாதிரி ஆட விட்டுப் பாப்பேன். தாராளமா சில தடவ ஆடி ஓய்ஞ்சா பின் சரியா இருக்கு, அப்ப ஸ்பிரிங்கப் பாக்கலாம். ஒரு ஆட்டத்துலயே நின்னா பின்தான் நோயாளி. அதுக்கு எண்ணெய் விடுறவங்க உண்டு, தையல் மெஷின் எண்ணெய், ஏன் தேங்காயெண்ணெய்கூட விட்டதக் கண்டிருக்கேன், தயவுசெஞ்சு செய்யாதீங்க. எண்ணெய் கம்பளிய இன்னும் ஊத வைக்கும், தூசியச் சேத்துப் பிசினாக்கும், பிறகு அந்த ஆக்ஷன் மொத்தத்துக்கும் புது புஷ்ஷிங் போட வேண்டி வரும்.

டீச்சருக்க பியானோல பின்னெல்லாம் ஆட விட்டுப் பாத்தேன், நல்லா இருந்துச்சு. ஹாமர் ஸ்பிரிங் பட்டுலயே இருக்கிற ஷ்வாண்டர் வகை, அது ஃபிளாஞ்சுல உள்ள ஒரு நூல் வளையத்துல மாட்டி நிக்கும், அதுல ரெண்டு நூலு மட்டும் மக்கிப் போயிருந்துச்சு, மாத்தினேன், அரை மணி நேர வேலை.

டேம்பர் ஸ்பிரிங்தான் உண்மையான வேலை. பார்சல் வந்ததும் பிரிச்சு, கீழ் சுரத்துக்கு உள்ளது, மேல் சுரத்துக்கு உள்ளதுன்னு தடிமன் பாத்துப் பிரிச்சு வச்சேன். கீழ உள்ள கம்பி தடிமன், அத அடக்க டேம்பர் பெருசு, ஸ்பிரிங்கும் பலமா வேணும். இதக் கலந்து போட்டா ஒரு கட்டை லேசும் அடுத்தது பாரமுமா ஆயிரும். டேம்பர் லீவர ஆக்ஷனுக்க பின்பக்கமிருந்து திருகக் கழட்டி எடுக்கணும், மேல உள்ள டேம்பர் தலைக்க சாய்வு மாறாம. ஸ்பிரிங்குக்க சுருள் ஃபிளாஞ்சுக்க பொளவுல உக்காந்திருக்கும், அதுக்குள்ளால ஒரு நூல்கயிறு குறுக்க ஓடி அதப் பிடிச்சிருக்கும். பழைய கயித்த மெல்லிசு பிட்டால குடைஞ்சு எடுத்து, புது ஸ்பிரிங்க பொளவுல வச்சு, புதுக் கயித்த நுனில வச்சிரம் தடவிக் கூராக்கி ஒரு பக்கத்துலேர்ந்து கோத்து மறுபக்கம் இழுத்து, ரெண்டு பக்கமும் பிளேடால வெட்டணும். ஊசி கோக்கிற வேலை மாதிரி, ஆனா ஊசிக் காது கண்ணுக்குத் தெரியாது, உள்ள சுருள் எங்க நிக்குதுன்னு விரலாலதான் உணரணும். முதல் ஸ்பிரிங்குக்கு அம்பது நிமிசம் ஆச்சு. அஞ்சாவதுக்கு இருபது. சாயந்திரம் ஆறு மணிக்கு ஒம்பதுதான் முடிஞ்சுது. மூணு ஞாயிறு போயி வந்தேன்.

ஸ்பிரிங்குக்க கை லீவர்ல உள்ள ஒரு சின்னக் காடில, அதாவது நீளப் பள்ளத்துல, சறுக்கும், அந்தக் காடிய விட்டுறாதீங்க. பழைய கிராஃபைட் கறுப்புப் பசையா இறுகிக் கிடக்கும், பல் குத்துற குச்சியக் கூராக்கிச் சுரண்டி, மெல்லிசு பென்சில் நுனியால ரெண்டு மட்டம் தேச்சாப் போதும். அதச் செய்யாம புது ஸ்பிரிங் போட்டா ஒவ்வொரு தடவ அமுக்கும்போதும் கீச்னு அணில் கத்துற மாதிரி ஒரு சத்தம், வாசிக்கிறவங்களுக்கு மட்டும் கேக்கும், உயிர எடுக்கும்.

எல்லாம் சேத்து ஆக்ஷன உள்ள வச்ச பிறகு பாரம் பாக்கணும். நான் பத்து ரூபா நாணயத்துல பாப்பேன். பித்தளை நிற வளையம் உள்ள பத்து ரூபா 7.71 கிராம், ஏழு நாணயம் அடுக்கினா 54 கிராம் கிட்ட வரும், அப்ரைட்டுல ஒரு கட்டை மெதுவா இறங்கதுக்கு அதுதான் ஏறக்குறைய சரியான பாரம். வலது பெடல அமுக்கி டேம்பரெல்லாம் தூக்கி வச்சுட்டு, கட்டைக்க முன் விளிம்புல ஏழு நாணயம். எல்லாக் கட்டையும் கிட்டத்தட்ட ஒண்ணா இறங்கணும். பிறகு பெடல விட்டுட்டு அதே நாணயம், இப்ப டேம்பர் ஸ்பிரிங்கும் சேந்து எதுக்கும், பாதி வழில கட்டை நிக்கும், அதத் தாண்ட இன்னும் எத்தனை நாணயம் வேணும்னு எண்ணணும். புது ஸ்பிரிங் 24லயும் முதல்ல ரெண்டு நாணயம் கூடுதலா வந்துச்சு, பக்கத்துல உள்ள பழசவிட. இங்கதான் நிறைய பேரு விட்டுட்டுப் போயிருவாங்க, புதுசுல்ல அப்பிடித்தான் இருக்கும்னு. அப்பிடி விட்டா வாசிக்கிறவங்க விரலுக்கு நடுவுல ஒரு படிக்கட்டு வந்து நிக்கும். ஒவ்வொண்ணா லேசா வளைச்சுத் தளத்தி, பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியாத அளவுக்குக் கொண்டு வர இன்னும் ரெண்டு மணி நேரம். சுருள் பக்கத்துல வளைக்கவே கூடாது, கைக்க நடுவுல மட்டும். டீச்சர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து நாணயத்த ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தாவ. எண்பது நெருங்கின மனுசி, ஒரு தடவகூட எந்திரிக்கல.

கடைசியில அவியளே வாசிச்சாவ. முதல்ல ஜிய மட்டும், ஒரு விரலால, எட்டு பத்து தடவ வேகமா. பிறகு ரெண்டு கையும் வச்சு ஒரு பாமாலைப் பாட்டு, நான் சின்ன வயசுலேர்ந்து கேட்டது, கடைசி வரில கை எடுத்ததும் சத்தம் சுத்தமா நின்னுச்சு. அந்த அமைதி வந்ததும் அவிய கைய மடில வச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. நான் ஷீட்ட மடக்கிட்டு இருந்தேன். "இது நிக்காம இரைஞ்சிட்டு கிடக்கதுதான் பியானோக்க சுபாவம்னு நெனச்சிருந்தேன் மக்ளே, அப்பா போன பிறகு இது இப்பிடி நின்னு நான் கேக்கல"ன்னு சொன்னாவ.

எலி உள்ள வர்றது கீழ பெடல் நீட்டிட்டு நிக்கிற ஓட்டை வழியாத்தான். அதுக்கு பெடல் அசையதுக்கு இடம் விட்டு ரெண்டு அடுக்கு கம்பிவலை வெட்டி வச்சிருக்கேன், ஆணி அடிச்சா பலகை பொளந்துரும், சின்னத் திருகுதான் போடணும். கூடு இருந்த இடத்தக் காஞ்ச துணியால தொடச்சாச்சு, ஆனா வாடை முழுசா போவல, மரம் குடிச்சிருக்கு. நல்ல வெயிலு உள்ள ஒரு நாளு கட்டையெல்லாம் எடுத்து அடிப்பலகையத் தொறந்து வைக்கணும். டீச்சர் கிட்ட மாசிக்குன்னு சொல்லிருக்கேன். அதுவரைக்கும் ராத்திரி பியானோ மூடிய ஒரு சாண் தொறந்து வைக்கச் சொன்னேன், அவிய அதுக்கு வேதப்புஸ்தகத்த முட்டுக் குடுத்து வச்சிருக்காவ. பழைய சாமான்காரன் மூணாவது தடவ வந்தானாம்.